டக்ட் க்ளீன் பண்ண எவ்வளவு ஆவும்?

போன வாரம் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ். ஷார்ஜால என்கூட வேல பாத்த அண்ணன் ஒருத்தரு, இப்போ மஸ்கட்ல இருக்காரு, தக்கலை பக்கத்துல வீடு கட்டி மூணு வருஷம் ஆவுது. கீழ ஹாலுக்கும் மாடி பெட்ரூமுக்கும் ஃபால்ஸ் சீலிங் அடிச்சு டக்ட் ஏசி போட்டிருக்காரு, அங்க ஃபிளாட்ல பாத்து ஆசப்பட்டுப் போட்டது. "மக்கா, அடுத்த மாசம் பிள்ளையளையும் கூட்டிட்டு லீவுக்கு வாறேன், வீடு பத்து மாசமா பூட்டிக் கெடக்கு, மூத்தவளுக்கு கொஞ்சம் இழுப்பு உண்டு, டக்டுக்குள்ள இருக்க அழுக்குதான் வீட்டுக் காத்த கெடுக்குதுன்னு நெட்ல போட்டிருக்கான், க்ளீன் பண்ண எவ்வளவு ஆவும்னு சொல்லு."

நானே ஷார்ஜால ஆறு வருஷம் அந்த வேலதான் பாத்தேன். இப்போ மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் சுத்துவட்டாரத்துல ஸ்பிளிட் ஏசி சர்வீஸ் பண்ணிட்டு இருக்கேன். ஒரு ரேட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம், எனக்கும் காசுதான். ஆனா அங்க வீட்டுக்குள்ள காத்து கெட்டுப்போற வழி வேற, இங்க வேற. அங்க எதிரி மண்ணு, இங்க தண்ணி. அது புரியாம டக்ட்ட மட்டும் தொடச்சு ஒரு பிரயோஜனமும் கெடையாது, அதான் நீளமா எழுதுதேன்.

டக்ட்னா பெருசா ஒண்ணும் இல்ல, சீலிங்குக்கு மேல ஒரு மெஷின் உக்காந்திருக்கும், அதுல இருந்து ஜிஐ தகரத்துல செஞ்ச பொட்டிக் குழாய் ரூம் ரூமா போவும், முனையில கிரில். ஒரு பக்கம் குளுந்த காத்த தள்ளும், இன்னொரு பக்கம் ரூம்ல உள்ள காத்தையே திரும்ப உறிஞ்சும், அதுக்கு ரிட்டர்ன்னு பேரு. கவனிக்க வேண்டியது இந்த ரிட்டர்ன் பக்கத்ததான். உறிஞ்சுற குழாய்ல ஒரு ஜாயின்ட் விட்டுப்போச்சுன்னா ரூம் காத்தோட சேந்து சீலிங்குக்கு மேல உள்ள தூசி, எலிப் புழுக்க, சிமென்ட் பொடி எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு வரும். மணல் காத்து அடிக்குற ஊர்ல நாங்க ரிட்டர்ன் டக்ட்ட தொறந்தா பக்கெட் பக்கெட்டா மண்ணு அள்ளியிருக்கோம்.

இவ்வளவு மண்ணு கெடக்கே, இத மனுசன் சுவாசிச்சா என்ன ஆவும்னு எங்களுக்கும் அப்போ தோணும். ஆனா அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1997ல இதுக்குன்னே ஒரு கையேடு போட்டுச்சு, அதுல தெளிவா சொல்லியிருக்கான், டக்ட் க்ளீன் பண்றதால நோய் வராம தடுக்கும்னு நிரூபணம் ஆனதில்ல, டக்ட் அழுக்கா இருக்கதால வீட்டுக்குள்ள தூசி கூடுதுன்னும் ஆய்வுகள் உறுதியா காட்டல. காரணம் சிம்பிள், டக்டுக்குள்ள உள்ள அழுக்குல பெரும்பகுதி தகரத்துல ஒட்டிக்கிட்டு அங்கனயே கெடக்கும், காத்தோட கெளம்பி வராது. வீட்டுத் தூசி வாறது நம்ம செருப்புல, துணியில, ரோட்டுல, அடுப்புல இருந்து.

அப்போ டக்ட்ட க்ளீன் பண்ணவே வேண்டாமான்னு கேட்டா, வேண்டிய நேரம் உண்டு. உள்ள பூசணம் கண்ணால தெரியுதா, எலியோ பூச்சியோ குடியிருக்கா, இல்ல கிரில்லு வழியா தூசி ரூமுக்குள்ளயே கொட்டுதா, இந்த மூணுல ஒண்ணு இருந்தா பண்ணணும். பண்ணும்போதும் சும்மா கம்ப்ரஸர் வச்சு ஊதக்கூடாது, ஊதுனா அதுவரைக்கும் சும்மா கெடந்த தூசி மொத்தமும் உங்க கட்டில்ல வந்து உக்காரும். டக்ட்டோட ஒரு முனையில பெரிய வேக்குவம் மாட்டி உள்ளுக்கு உறிஞ்சிக்கிட்டே, மறுமுனையில இருந்து பிரஷ் சுத்தி வரணும். கூடவே மெஷினுக்குள்ள காத்த குளுத்துற காயில், காத்த தள்ளுற ப்ளோயர், காயில்ல வேர்க்குற தண்ணி விழுற ட்ரெயின் ட்ரே மூணையும் கழுவணும், அத விட்டுட்டு குழாய மட்டும் தொடச்சா ஒரு மாசத்துல பழைய கததான். உள்பக்கம் ஃபைபர் கிளாஸ் ஒட்டுன டக்ட் நனஞ்சு பூத்துப்போச்சுன்னா அத கழுவி மீட்க முடியாது, வெட்டி எறிஞ்சிட்டு புதுசு போடணும். கடைசில மருந்துப் புகை அடிச்சுத் தாறேன்னு ஒரு பில்லு சேப்பாங்க, அது பெரும்பாலும் வாசனைக்குத்தான், அந்த மருந்தையும் சேத்து சுவாசிக்குறது நம்மதான்.

சரி நம்ம ஊருக்கு வருவோம். இங்க நூத்துல தொண்ணூத்தொம்பது வீட்ல டக்ட் கெடையாது, சுவர்ல தொங்குற ஸ்பிளிட் ஏசிதான். ஒரு தப்பான எண்ணம் எல்லார்கிட்டயும் இருக்கு, ஏசி வெளிக்காத்த சுத்தம் பண்ணி உள்ள கொண்டு வருதுன்னு. இல்லவே இல்ல. வெளிய இருக்க யூனிட்டுக்கும் உள்ள இருக்க யூனிட்டுக்கும் நடுவுல செம்புக் குழாய்ல கேஸ் மட்டும்தான் போய்வரும், காத்து ஒரு சொட்டு கூட வராது. ராத்திரி பூரா ரூம்ல உள்ள அதே காத்து திரும்பத் திரும்ப சுத்தும். முன்னாடி இருக்க நெட்டு ஃபில்டர் காயில்ல பஞ்சு, முடி அடையாம இருக்கத்தான் வச்சிருக்கான், நுரையீரலுக்குப் போற நுண்துகள் அதுல நிக்காது.

இனி தண்ணிக் கணக்கு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஜூன்ல தொடங்குற இடவப்பாதி மழையும் கெடைக்கும், ஐப்பசி கார்த்திக மழையும் கெடைக்கும், தமிழ்நாட்டுல ரெண்டு மழையும் இப்படிச் சேந்து வாங்குற இடம் ரொம்ப கொறவு. நடுவுல வேனல் வந்தாலும் கடக்காத்து ஈரத்தோடதான் வரும். 30 டிகிரி வெயில்ல காத்துல ஈரப்பதம் 80% இருக்குன்னு வைங்க, அந்தக் காத்து 26 டிகிரிக்குக் கீழ உள்ள எத தொட்டாலும் அங்கன வேர்க்க ஆரம்பிக்கும். ஏசிய 20ல வச்சுட்டு தூங்குன வீட்ல காலைல எழும்பி பாருங்க, ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வேர்த்துக் கெடக்கும்லா, அதேதான். ஏசிக்கு உள்ள இருக்க காயில் பத்து டிகிரி பக்கத்துல ஓடும், அதனால மழைக்காலத்துல மணிக்கு லிட்டர் கணக்குல தண்ணி ஒழுகும். சொல்லப்போனா வில்லிஸ் கேரியர்னு ஒரு இன்ஜினியர் 1902ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்கு ஏசிய வடிவமைச்சதே ஈரப்பதத்த கட்டுப்படுத்தத்தான், ஈரத்துல பேப்பர் விரிஞ்சு கலர் மாறி மாறி விழுந்துச்சாம், மனுசன் குளுகுளுன்னு தூங்குறதெல்லாம் பின்னாடி வந்தது.

பிரச்சன என்னன்னா நம்ம ஏசிய அணைக்குற விதம். ராத்திரி பத்துக்குப் போட்டு மூணு மணிக்கு டைமர்ல ஆஃப். அப்போ காயில் சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கும், ட்ரேயில தண்ணி நிக்கும், உள்ள இருட்டு, காத்தோட்டம் இல்ல, சாப்பிட தோல் பொடியும் பஞ்சும் இருக்கு. பூசணத்துக்கு வேற என்ன வேணும்? நனஞ்ச பொருள் 24ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலேன்னா அது பூக்கத் தொடங்கிடும்னு சொல்லுவாங்க, நம்ம ஏசி ஜூன்ல நனஞ்சா காயவே மாட்டேங்குது.

ரெண்டு மாசம் முன்னாடி கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மாமி வாசல்லயே சொல்லிட்டாவ, "மக்களே, கூலிங் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா போட்ட உடனே நனஞ்ச சாக்கு மாதிரி ஒரு மணம், பேரனுக்கு ராத்திரியானா இருமலு வேற." ஃபில்டர கழட்டிப் பாத்தா பளிச்சுன்னு இருக்கு, மாசாமாசம் கழுவுறாவ. "பின்ன என்னத்துக்கு மணக்குது"ன்னு கேட்டாவ. காத்து வாற வாயில உள்ள பட்டைய கையால தாழ்த்திட்டு டார்ச் அடிச்சுக் காட்டுனேன். உள்ள ப்ளோயர்னு ஒரு நீள உருள இருக்கும், அதுல சின்னச் சின்ன வளைஞ்ச இதழ், ஒவ்வொரு இதழுக்குள்ளயும் கருப்பா பசை மாதிரி அடஞ்சிருக்கு, பிளாஸ்டிக் வாயோரத்துல எல்லாம் கரும்புள்ளி. காத்து கடைசியா தொட்டுட்டு வாற இடம் அதுதான், ஃபில்டரத் தாண்டி, காயிலத் தாண்டி. கவர் மாட்டி ஜெட் வாஷ் அடிச்சேன், பக்கெட்டுல இறங்குன தண்ணி நல்லா கொதிச்ச கட்டஞ்சாயா நிறம். மூணாவது பக்கெட்டுலதான் தெளிஞ்சிச்சு. ட்ரெயின் பைப்ப பாத்தா, வெளிய சன்ஷேடுக்கு மேல ஏத்தி வளச்சு விட்டிருக்கான் மாட்டுன ஆளு, தண்ணி ஏறி இறங்கணும், அது எப்படி வடியும், ட்ரேயிலயே நின்னு கொழகொழன்னு பாசி கட்டிருக்கு.

அதோட விஷயம் முடியல. கட்டிலுக்கு அடியில ஒரு தட்டுல கொசுவத்திச் சாம்பல், வட்ட வட்டமா. ஏசி போட்டு கதவ சாத்திட்டு உள்ள கொசுவத்தியும் கொளுத்துறாவ. சீனாவுலயும் மலேசியாவுலயும் விக்குற கொசுவத்திகள எரிச்சுப் பாத்து 2003ல ஒரு ஆய்வு வந்துது, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா அதுல வாற நுண்துகள் 75ல இருந்து 137 சிகரெட் எரிச்சதுக்குச் சமம்னு. அந்த வீட்ல யாரும் பீடி குடிக்க மாட்டாவ. நான் ப்ளோயர கழுவி, பைப்ப சரிவா இறக்கி விட்டுட்டு, கொசுவத்திய நிறுத்திட்டு ஜன்னலுக்கு நெட் அடிங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மூணு வாரம் கழிச்சு மாமி போன்ல, இருமல் கொறஞ்சிருக்குன்னு. ஏசி கழுவுனதாலயா, கொசுவத்திய விட்டதாலயா, இல்ல மழ விட்டதாலயான்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கென்ன நான் டாக்டரா. ரெண்டுல ஒண்ணுதான் பண்ண முடியும்னு சொன்னா முதல்ல கொசுவத்தியத்தான் வெளிய எறியச் சொல்லுவேன், அதுக்கு எனக்கு சர்வீஸ் சார்ஜ் கெடைக்காது, அது வேற.

எரிக்குறத பத்தி இன்னும் சொல்லணும், ஏன்னா இந்த டக்ட் பேச்சுல எல்லாம் அடுப்ப மறந்துடுதாவ. உலகத்துல வீட்டுக்குள்ள எரிக்குற புகையால 2020ல 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. நம்ம பக்கம் கேஸ் இல்லாத வீடு இல்ல, ஆனா விறகடுப்பு போவல. பின்பக்க அடுக்களையில கொதும்பு, சிரட்ட, கதம்ப, ரப்பர் விறகு, சும்மா கெடைக்குற சாதனம் எல்லாம் எரியுது, குளிக்க வெந்நி அதுலதான், மீன்கொழம்புக்கு அதுலதான் ருசின்னு ஒரு சட்டம் வேற. குலசேகரம், அருமனை பக்கம் போனா அடுப்புக்கு மேல ரப்பர் ஷீட்ட தொங்கவிட்டு புகையில காய வைப்பாவ, திண்ணையோரம் உறைஞ்ச ரப்பர்பால், அந்த ஒட்டுப்பால் சாக்கு, மழைக்காலத்துல அந்த நாத்தம் உள்ள பெட்ரூம் வர வரும். எங்க ஆச்சி காலத்துல ஓட்டு வீடு, புகை ஓட்டு இடுக்கு வழியா போயிடும். போயிடும்னு நாம சொல்லுதோம், ஆச்சி கடைசி பத்து வருஷம் இருமிக்கிட்டேதான் கெடந்தாவ, அதனால பழைய காலத்த ரொம்பத் தூக்கிப் பேசவும் எனக்கு மனசு வராது. இப்போ மேல கான்கிரீட், ஜன்னல் யுபிவிசி, அடுப்பு மட்டும் அதே அடுப்பு.

உண்மையில நம்ம ஊர்ல டக்ட்னு ஒண்ணு அழுக்காகி நாசம் பண்ணுதுன்னா அது கிச்சன் சிம்னி குழாய்தான். அலுமினிய மடக்குக் குழாய வாங்கி, நேரா சுவர்ல ஓட்ட போட மனசில்லாம அலமாரிக்கு மேல நாலு வளைவு வளச்சு கொண்டு போவாங்க. ஒவ்வொரு வளைவுலயும் காத்து வேகம் செத்துப்போவும், தேங்காயெண்ணெய்ல மீன் பொரிச்ச ஆவி அங்கன படிஞ்சு பிசினாவும். வெளி முனையில மூடி வைக்கலேன்னா குளவி கூடு கட்டும். நான் கழட்டுன ஒரு குழாய்ல பாதி அடஞ்சு போய் கை விட்டா மெழுகு மாதிரி வருது, அந்த வீட்டம்ம "சிம்னி சத்தம் மட்டும்தான் போடுது"ன்னு சொன்னது நூறு சதம் சரி. சில வீட்ல அதுவும் இல்ல, குழாயே வைக்காத சிம்னி, கரி ஃபில்டர் வழியா அதே காத்து திரும்ப அடுக்களைக்கே வரும், அந்த ஃபில்டர மாத்தணும்னு ஒருத்தருக்கும் தெரியாது. இன்னொரு கூத்து பாத்ரூம் எக்ஸாஸ்ட்ட ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல விட்டு முடிச்சிருக்கது, குளிச்ச நீராவி பூரா ஜிப்சம் போர்டுக்கு மேல போய் உக்காரும்.

பூட்டுன ரூம் விஷயம் ஒண்ணு இருக்கு. வெளிக்காத்துல கரியமில வாயு 420 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 420 பங்கு பக்கம் இருக்கும். சின்ன பெட்ரூம்ல அப்பா, அம்ம, ரெண்டு பிள்ளைய கதவு சாத்தி ஏசி போட்டுப் படுத்தா விடியும்போது 2000 தாண்டுறது சாதாரணம். அதுல யாரும் சாவ மாட்டாங்க, ஆனா காலைல தலை கனமா, மந்தமா எழும்புறதுக்கு அது ஒரு காரணம், கூடவே வேர்வையும் மூச்சு ஈரமும் அந்த ரூம விட்டுப் போக வழியில்லன்னு அர்த்தம். மெத்தையில உள்ள தூசிப்பூச்சிக்கு கொண்டாட்டம், அது தண்ணி குடிக்காது, காத்துல உள்ள ஈரத்த உடம்பால உறிஞ்சித்தான் பொழைக்கும், ஈரப்பதம் 50%க்குக் கீழ தொடந்து நின்னா காஞ்சு செத்துடும். இங்க எந்த மாசம் 50க்குக் கீழ நிக்குதுன்னு ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்கி சுவர்ல மாட்டிப் பாருங்க, சில நூறு ரூவாதான், ஏர் பியூரிஃபையர் வாங்குறதுக்கு முன்னாடி அத வாங்குங்க. ஏசி ஒழுங்கா ஓடுனா 60க்குக் கீழ கொண்டு வரும். சின்ன ரூமுக்கு ஒன்றரை டன் மாட்டுனவங்களுக்கு அதுவும் நடக்காது, பத்து நிமிசத்துல குளுந்து கம்ப்ரஸர் நின்னுடும், ஃபேன் மட்டும் ஓடி காயில்ல உள்ள தண்ணிய திரும்ப ரூமுக்கே ஊதும், குளுருது ஆனா பிசுபிசுன்னு இருக்குன்னு சொல்றது இதனாலதான்.

பியூரிஃபையர்ல ஹெப்பான்னு நுண்துகள் புடிக்குற ஃபில்டர் இருந்தா 0.3 மைக்ரான் துகள்ல 99.97% புடிக்கும், அது நெசம். ஆனா சுவர்ல ஓதம் அடிச்சிருக்கப்போ அது விடுற பூசண விதைய ஒரு மெஷின் வச்சு புடிச்சுக்கிட்டே இருக்கது, ஒழுகுற கூரைக்குக் கீழ பக்கெட் வைக்குற மாதிரி. ஓசோன் விடுற மெஷின பக்கத்துலயே விடாதீங்க, அது நுரையீரலுக்குக் கேடு. செடி வச்சா காத்து சுத்தமாவும்னு 1989 நாசா ஆய்வ காட்டி நர்சரிக்காரன் விப்பான், அது மூடுன சின்ன கண்ணாடிப் பெட்டிக்குள்ள பண்ணது. 2019ல பழைய ஆய்வெல்லாம் சேத்துக் கணக்குப் போட்டு பாத்தாங்க, ஜன்னல் தொறக்குறதுக்கு ஈடா வேணும்னா சதுர மீட்டருக்கு பத்துல இருந்து ஆயிரம் செடி வரைக்கும் வைக்கணுமாம். வீட்ட காடாக்கி நாம வெளிய படுக்கலாம்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் உள்ளவங்களுக்கு தனியா ரெண்டு வார்த்த. உப்புக்காத்து ஏசியோட வெளி யூனிட்ட அரிச்சுத் திங்குறது எல்லாருக்கும் தெரியும், ஆனா உப்பு ஈரத்தையும் இழுக்கும், காத்துல ஈரப்பதம் 75% தாண்டுனா உப்புத்தூளே நனஞ்சு தண்ணியாவும், சால்ட் டப்பால பாக்குறோம்லா, அதேதான் ஜன்னல் சட்டத்துலயும் ஃபேன் இறக்கையிலயும் நடக்கும். அங்க தூசியத் தட்டாதீங்க, ஈரத்துணியில தொடச்சு எடுங்க. அப்புறம் மணவாளக்குறிச்சி மணல்ல மோனசைட்னு ஒரு தாது இருக்கு, அதுல தோரியம்னு கதிர்வீச்சு விடுற உலோகம், அதுல இருந்து தோரான்னு ஒரு வாயு கசியும்னு சொல்லி பயமுறுத்துற ஆளுங்க உண்டு. கசியுறது உண்மதான், ஆனா அந்த வாயு 55 செகண்டுல பாதியா கொறஞ்சிடும், தரையையும் சுவரையும் விட்டு ரொம்ப தூரம் வராது, சுவர் பூசி வச்சு ஜன்னல தொறந்து போட்டா அதுக்குப் பெரும்பாலும் போதும்.

ஜன்னல்னு சொன்னதும் ஞாபகம், அந்த அண்ணன் வீட்டுல இருந்து பத்து நிமிச தூரத்துல பத்மநாபபுரம் அரண்மனை இருக்கு. உள்ள போய் நின்னு பாருங்க, எங்க பாத்தாலும் சரிஞ்ச மரப்பட்ட அடிச்ச அழி, மழ உள்ள வராது, காத்து வரும், நடுவுல முற்றம். இந்த மழையில எப்படி வாழணும்னு தெரிஞ்ச ஆசாரிமார் செஞ்ச வேல. இப்போ இன்ஜினியர்கிட்ட வென்டிலேட்டர் வைக்கச் சொன்னா கொசு வரும், எலிவேஷன் கெட்டுப்போவும்னு சொல்லுதான்.

சரி, நம்ம அண்ணனுக்கு நான் ரேட்டு சொல்லல. அவரு மச்சினன் சாவி வச்சிருக்கான், அவன்கிட்ட சொல்லி ஹால் கிரில் ஒண்ண ஸ்க்ரூ கழட்டி உள்ள மொபைல விட்டு ஃபிளாஷ் போட்டு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அப்படியே மாடி சீலிங் நாலு மூலையையும். வந்த படத்துல டக்டுக்குள்ள கொஞ்சம் வெள்ளப் பொடி, கட்டுமானத்தப்போ விழுந்தது, ஒரு பல்லி எலும்பு, மத்தபடி உலர்ந்து கெடக்கு. ஆனா மாடி பெட்ரூம் சீலிங்ல வடக்கு மூலையில சாயா கிளாஸ் வச்ச மாதிரி ரெண்டு பழுப்பு வளையம், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அங்க டக்ட்டுக்கு மேல சுத்துன இன்சுலேஷன் கிழிஞ்சிருக்கும், குளுந்த தகரம் நம்ம காத்துல வேர்த்து போர்டுல சொட்டியிருக்கு, போர்டுக்கு மேல்பக்கம் எப்படி இருக்கும்னு நான் தொறக்காமலே சொல்லுவேன்.

"டக்ட்ட விடுங்கண்ணே, அந்த மூலையில ரெண்டடி போர்ட வெட்டி எடுக்கணும், இன்சுலேஷன் சுத்தணும், காயிலும் ட்ரேயும் கழுவணும், மெத்தைய வெயில்ல போட மச்சினன்கிட்ட சொல்லுங்க, வாறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஜன்னல் எல்லாம் தொறந்து போடட்டும்"னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "போன லீவுலயும் அந்த ரூம்லதான் மக்கா மூத்தவ படுத்திருந்தா"ன்னு சொன்னாரு. திங்கக்கெழம ஏணி எடுத்துட்டு போறேன்.